கருப்பட்டி நோட்டீஸ்: படிச்சவங்க எல்லாரும் திருப்பி "விலை என்ன?"ன்னே கேக்காவ

பனங்காட்டு_நரி:
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு திசையன்விளை பக்கம். மாமா பனைவிளையில (பனந்தோப்புல) காய்ச்சுற கருப்பட்டியை பாளையங்கோட்டையில வீட்டுல வச்சு விக்கேன். கடை கிடையாது. வாட்ஸப்பும் நோட்டீசும்தான் வழி. இந்த சீசனுக்கு எழுதுனது இதுதான்:

"பாரம்பரியத்தின் சுவை! இயற்கையின் கொடை! முன்னோர் காட்டிய வழியில், தலைமுறைகள் தாண்டிய நம்பிக்கையுடன், 100% சுத்தமான, தரமான, ஆரோக்கியமான பனங்கருப்பட்டி இப்போது உங்கள் இல்லம் தேடி வருகிறது! சர்க்கரை நோயாளிகளுக்கும் உகந்தது! சலுகை விலையில் பெற உடனே அழையுங்கள்!"

இதயம் வருது, கும்பிடு வருது, "வாழ்த்துகள் மாப்ள"ன்னு வருது. ஆர்டரைத்தான் காணோம். வர்ற போன் எல்லாம் விலை என்ன, எங்க இருக்கு, சீனி போட்டதா, இந்த மூணே கேள்வி. பதில் சொல்லியே தொண்டை வத்துது. எழுத்துல என்ன குறைன்னு பாத்துச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு, விலையைப் போடச் சொல்லாதீங்க. நான் 480-க்கு விக்கேன். கடையில 250-க்கே கிடக்குன்னு ஓடிருவாவ.

பாளை_அச்சகம்:
தம்பி, உங்க நோட்டீசுல கருப்பட்டிங்கிறதை எடுத்துட்டு நல்லெண்ணெய்னு போட்டுப் படிச்சுப் பாருங்க. தேன்னு போடுங்க. அதிரசம்னு போடுங்க. வேற ஒரு வார்த்தை மாத்த வேண்டாம், அப்படியே பொருந்தும். அப்ப உங்க சரக்கைப் பத்தி அதுல ஒண்ணுமே இல்லன்னுதான அர்த்தம்?

ஊர்ல அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நோட்டீஸ் ஒட்டியிருப்பாவல்லா, அதைக் கொஞ்சம் நின்னு பாருங்க. மேல அம்மனைப் புகழ்ந்து நாலு வரி இருக்கும். அதை ஒருத்தரும் படிக்கிறதில்ல. கண்ணு நேரா கட்டத்துக்குத்தான் போகும். திங்கள் ராத்திரி குடியழைப்பு, செவ்வா மதியக்கொடை, ராத்திரி 12 மணிக்கு சாமக்கொடை, வில்லுப்பாட்டு யாரு, எந்தக் கிழமை யார் வீட்டுச் சாப்பாடு. பம்பாயில இருக்கவன் அதை போன்ல பாத்துட்டுத்தான் டிக்கெட் போடுதான். வர்றவனுக்கு என்ன தெரியணுமோ அது மட்டும் அதுல இருக்கு. எங்க பிரஸ்ல வேலை பாக்குற பையன் ஒரு எழுத்து மாத்தி நேரத்தைத் தப்பா அடிச்சா ஊரே சண்டைக்கு வரும். அம்மன் புகழ்ச்சியில ரெண்டு வரி விட்டுப்போனா எவனும் கேக்க மாட்டான்.

உங்களுக்கு போன்ல வர்ற மூணு கேள்வியும்தான் நோட்டீஸ். நீங்க வேற எதுவும் யோசிக்கவே வேண்டாம்.

சும்மா_சொன்னேன்:
எதுக்குவே இம்புட்டு எழுத்து? நெல்லையப்பர் கோயிலுக்கு எதுக்க இருட்டுக்கடைக்கு போர்டு கூடக் கிடையாது. நோட்டீசா அடிக்காவ? சரக்கு நல்லா இருந்தா ஊரு தேடி வரும்.

பாளை_அச்சகம்:
போர்டு இல்லாட்டி என்ன, சொல்ல வேண்டியது எல்லாம் ஊருக்கே மனப்பாடமா இருக்கே. கீழ ரத வீதி, சாயங்காலம்தான் திறப்பு, அல்வாதான் சரக்கு, சீக்கிரம் தீந்திரும். பச்சப்பிள்ளை கூடச் சொல்லும். தலைமுறை தலைமுறையா ஒரே இடத்துல ஒரே நேரத்துல ஒரே சாமானை வித்தா அதுக்கு மேல என்ன நோட்டீஸ்? நம்ம நரிக்குக் கடையும் இல்ல, நேரமும் தெரியல, சந்து எதுன்னும் தெரியல. அவரு எழுதித்தான் ஆகணும்.

டவுன்_மதினி:
நான் வாங்குத ஆளு, அதனால ஒண்ணு சொல்லுதேன். விலை போடாத நோட்டீசைப் பாத்தா "கூடுதலா இருக்கும் போல"ன்னுதான் முதல்ல தோணும். சரி, போன் போட்டுக் கேக்கலாம்னா அங்கதான் சங்கடம். கேட்டுட்டு வேண்டாம்னு எப்படி வைக்க? "யோசிச்சுச் சொல்லுதேன்"னு பொய் சொல்லணும். பொறவு அந்த நம்பர்ல இருந்து "அக்கா யோசிச்சாச்சா"ன்னு மெசேஜ் வரும். இந்தத் தொந்தரவுக்காகவே நான் போனே போட மாட்டேன். உங்க நோட்டீசைப் பாத்துட்டு போன் போட்டவங்களைத்தான் தம்பி நீங்க எண்ணுதீங்க. போடாம விட்டவங்க கணக்கு உங்களுக்குத் தெரியாதுல்லா.

480-ன்னு போட்டா ஓடிருவாங்கன்னு சொல்லுதீங்க. 250-க்கு வாங்குதவ போன்ல கேட்டாலும் ஓடத்தான் செய்வா. என்ன, அஞ்சு நிமிஷம் பேசிட்டு ஓடுவா.

பத்தமடை_பாய்:
மதினி சொல்றது சாமானைப் பொறுத்தது. எங்க கோரைப்பாய் யாவாரத்துல விலையை முதல்ல போட்டா பிழைப்பு ஓடாது. ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே கலர்ல ரெண்டு பாய் இருக்கும். ஒண்ணு சாதாரணம், ஒண்ணு மெல்லிசு. விலை பல மடங்கு வித்தியாசம். போட்டோவுல ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும். பாக்குறவன் "என்னடா, பகல் கொள்ளையா இருக்கு"ன்னு போயிருவான். கோரையை எவ்வளவு மெல்லிசாக் கிழிச்சோம், பாவுல நூல் எவ்வளவு நெருக்கம், நெய்ய எத்தனை நாள் ஆச்சு, இதைச் சொன்ன பொறவுதான் விலை எடுபடும். கல்யாணப் பாய்ல மாப்பிள்ளை பொண்ணு பேர் போட்டு நெய்யணும்னா எழுத்துக்கு ஏத்தாப்ல விலை மாறும். எதைப் போட?

பாளை_அச்சகம்:
நல்ல கேள்வி. ஆனா உங்க சிக்கல் விலையில இல்ல, போட்டோவுல இருக்கு. வித்தியாசம் தெரியாத போட்டோவுக்குப் பக்கத்துல எந்த விலையைப் போட்டாலும் சண்டைதான்.

பத்தமடை_பாய்:
அதுவும் செஞ்சு பாத்தோம். ரெண்டு பாயையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சு, ரெண்டு மேலயும் ஒரு ரூபாய் நாணயத்தை வச்சு, கிட்டக்க எடுத்தோம். நாணயத்துக்கு அடியில சாதாரணப் பாய்ல கோரை தடித்தடியாத் தெரியும், மெல்லிசுல துணி மாதிரி இருக்கும். அந்தப் படம் வந்த பொறவு "ஏன் இவ்வளவு விலை"ங்கிற கேள்வி குறைஞ்சுது, உண்மைதான். ஆனாலும் கல்யாணப் பாய்க்கு விலை போட மாட்டேன். அதுல நான் பிடிவாதம்தான்.

டவுன்_மதினி:
"இத்தனை ரூபாயில் இருந்து"ன்னாவது போடலாம்ல அண்ணாச்சி? ஐநூறா அஞ்சாயிரமான்னு தெரியாம எப்படிக் கேக்க?

பத்தமடை_பாய்:
அது வேணா யோசிக்கலாம்.

ஆட்டோ_மைக்:
நான் ஆட்டோவுல ஸ்பீக்கர் கட்டி விளம்பரம் ஓட்டுற ஆளு. குரல் பதிவும் நானே. நரி அண்ணன் நோட்டீசை அப்படியே மைக்ல படிச்சா என்ன ஆகும்னு சொல்லட்டா? ஆட்டோ பையப் போனாலும் ஒரு வீட்டைத் தாண்டுறதுக்குள்ள அந்த வீட்டு ஆச்சி காதுல விழுறது இருபது, முப்பது வினாடிப் பேச்சு. "பாரம்பரியத்தின் சுவை"ன்னு ஆரம்பிச்சு "தலைமுறைகள் தாண்டிய"ன்னு வரும்போது ஆட்டோ அடுத்த தெருவுல நிக்கும். ஆச்சிக்கு ஏதோ கட்சிக்காரன் போறான்னுதான் தோணும்.

அதனால நாங்க எழுதுறது வேற மாதிரி. சாமான் பேரு, விலை, எங்க நிக்கோம். இந்த மூணும் பதினஞ்சு வினாடிக்குள்ள. திரும்ப அதே மூணு. சிலர் வந்து "எங்க தாத்தா பேரைச் சேருங்க, ஆரம்பிச்ச வருசத்தைச் சேருங்க"ன்னு நிப்பாவ. சேக்கலாம், ஆனா வாங்குதவங்களுக்கு அது கேக்காது. கேக்குறது அவங்க வீட்டுக்காரங்களுக்கு மட்டும்தான். ஒரு பாத்திரக் கடைக்காரர் பின்னால சினிமாப் பாட்டை ஓங்கி வைக்கச் சொன்னாரு, வச்சோம். பாட்டு எல்லாருக்கும் பிடிச்சுது, கடை பேரு ஒருத்தருக்கும் தெரியல.

விதிப்படி:
யாரும் சொல்லாததால நான் சொல்லிருதேன். நோட்டீசுல அழகு குறைஞ்சா ஆர்டர் போகும், அவ்வளவுதான். இதுல சட்டச் சிக்கலும் இருக்கு.

முதல்ல "சர்க்கரை நோயாளிகளுக்கும் உகந்தது". இதை இன்னைக்கே எடுங்க. உணவுப் பொருள் விளம்பரத்துக்குன்னு மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எப்எஸ்எஸ்ஏஐ) 2018-ல தனி விதிமுறையே போட்டிருக்கு. ஒரு நோயைத் தடுக்கும், குணமாக்கும்னு அனுமதி இல்லாம சாப்பாட்டுச் சாமானுக்குச் சொல்லக் கூடாது. 2006-ம் வருச உணவுப் பாதுகாப்புச் சட்டம் 53-வது பிரிவுல தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம் உண்டு.

ரெண்டாவது, "சுத்தமான", "பாரம்பரிய", "இயற்கை". இந்தச் சொல்லை எல்லாம் எப்பப் பயன்படுத்தலாம், எப்பக் கூடாதுன்னும் அதே விதிமுறையில இருக்கு. சுத்தம்னு போடணும்னா ஒரே பொருள், வேற எதுவும் சேக்காததா இருக்கணும்.

மூணாவது "100%". 2025 மே மாசம் எப்எஸ்எஸ்ஏஐ இதை லேபிள்லயும் விளம்பரத்துலயும் போடாதீங்கன்னு கம்பெனிகளுக்கு அறிவுறுத்தல் விட்டிருக்கு.

இன்னொண்ணு. சில பேரு "உடன்குடி கருப்பட்டி"ன்னு போட்டா கூட ரெண்டு ரூபா கிடைக்கும்னு சொல்லுவான். உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. பதிவு பண்ணின ஆளுங்கதான் அந்தப் பேரைப் போட்டு விக்கலாம். உங்களுது திசையன்விளைன்னா திசையன்விளைன்னே போடுங்க. அதுக்கு என்ன குறைச்சல்?

சும்மா_சொன்னேன்:
தெருவுல பாதிப் பேரு "சுகருக்கு நல்லது"ன்னுதான் விக்கான். அவனை எல்லாம் பிடிச்சாச்சா?

நைட்_டூட்டி_சிஸ்டர்:
பிடிச்சாங்களோ இல்லையோ, அதை நம்பி காப்பியில ரெண்டு துண்டு போட்டுக் குடிச்சிட்டு சுகர் ஏறி வர்றவங்களை நாங்க வார்டுல பாக்கோம். கருப்பட்டியிலயும் பெரும்பங்கு சர்க்கரைச் சத்துதான். தம்பி, எழுதும்போது ஒண்ணு கவனிங்க. "சர்க்கரை இல்லாதது"ன்னு எழுதிராதீங்க. நீங்க சொல்ல வர்றது சீனி கலக்கலன்னு. படிக்கிற தாத்தா எடுத்துக்கிடுறது தனக்கு ஆகும்னு. "சீனி கலக்காதது"ன்னு போட்டா குழப்பமில்ல.

பனங்காட்டு_நரி:
சிஸ்டர், சுகர் வரியை எடுத்துருதேன். "100%"யும் போகட்டும். விலை விஷயத்துல இன்னும் மனசு ஒப்பல. 250-க்கு விக்கிறவன் சீனிப்பாகைக் கலந்து காய்ச்சுதான். நான் அப்படி இல்ல. இதை நோட்டீசுல சொல்லவும் முடியாது, அடுத்தவனைக் குறை சொன்ன மாதிரி ஆயிரும். சொல்லாம வெறும் 480-ன்னு போட்டா நான்தான் கொள்ளைக்காரன்.

பாளை_அச்சகம்:
அடுத்தவனை ஏன் இழுக்கணும்? உங்க சரக்கு எப்படி வருதுன்னு சொல்லுங்க, 480 எதுனாலன்னு படிக்கிறவனே கணக்குப் போட்டுக்கிடுவான். மாமா எப்படிக் காய்ச்சுதாரு? அதை இங்க எழுதுங்க பாப்போம். நோட்டீஸ் பாஷையில வேண்டாம், பேசுற மாதிரி.

பனங்காட்டு_நரி:
காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ மரம் ஏறணும். பனம்பாளையைச் சீவிவிட்டு, சுண்ணாம்பு தடவுன கலயத்தைக் கட்டிட்டு இறங்கணும். சுண்ணாம்பு இல்லன்னா புளிச்சுக் கள்ளாயிரும். இறக்குன பதனியை வடிகட்டி அன்னைக்கே காய்ச்சணும். மறுநாளைக்கு வைக்க முடியாது. நூறு பங்கு பதனியில பத்துப் பன்னிரண்டு பங்குதான் இனிப்பு, மிச்சம் தண்ணி. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு, பத்து லிட்டர் பதனி போயிரும். அத்தை அடுப்புப் பக்கத்துலயே நிப்பா, பதம் வர்ற நேரத்துல கிண்டிக்கிட்டே இருக்கணும், கண்ணைத் திருப்புனா கருகிரும். பொறவு சிரட்டையில ஊத்தி ஆறவச்சு எடுக்கணும். சீனி போட்டா இதுல பாதிப் பதனி போதும்.

டவுன்_மதினி:
ஏ தம்பி, இதை எழுதாமயா "முன்னோர் காட்டிய வழி"ன்னு எழுதி வச்சிருக்கீங்க! ஒரு கிலோவுக்கு பத்து லிட்டர் பதனின்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். 480 இப்பக் கூடுதலாத் தெரியல.

துபாய்_வாசி:
நானும் வாங்குற ஆளுதான், ஆனா என் கேள்வி மதினி கேள்வி இல்ல. எனக்கு விலை ரெண்டாம்பட்சம். போன தடவை ஊர்ல வேற ஒருத்தர்கிட்ட வாங்கிட்டு வந்தேன், பெட்டிக்குள்ள இளகி சட்டை எல்லாம் நாசம். ஆளு முன்னாலயே சொல்லலையேன்னு ஆத்திரம். இளகுமா, எப்படிக் கட்டித் தருவீங்க, எத்தனை மாசம் தாங்கும், கிளம்புற அன்னைக்குக் காலையில வீட்டுல வந்து தருவீங்களா? எனக்கு அனுப்புற மெசேஜ்ல இதுதான் இருக்கணும். டவுன் ஆளுக்கும் எனக்கும் ஒரே மெசேஜ் போட்டா ரெண்டு பேருக்கும் பாதிதான் உதவும்.

பனங்காட்டு_நரி:
கருப்பட்டி காத்து ஈரத்தை இழுக்கும் அண்ணே, அது அதோட குணம். ஐப்பசி கார்த்திகை மழைக்கு நல்ல கருப்பட்டியும் இளகத்தான் செய்யும். அந்தக் காலத்துல அடுப்புக்கு மேல பரண்ல வைப்பாவ. ஆனா "இளகும்"னு நோட்டீசுல போட்டா எவன் வாங்குவான்?

துபாய்_வாசி:
நான் வாங்குவேன். சொல்லாம வித்தா இளகுனதும் "கலப்படம்"னு நினைப்பான். சொல்லிட்டு வித்தா "அந்தத் தம்பி சொன்னாருல்லா"ன்னு டப்பாவுல போட்டு மூடுவான்.

குறுஞ்செய்தி_கணக்கு:
டெக்னிக்கலா ரெண்டு விஷயம். நரி எஸ்எம்எஸ் அனுப்பப் போறாரான்னு தெரியல, அனுப்புனா இதைப் பாக்கணும். இங்கிலீஷ் எஸ்எம்எஸ் ஒண்ணுக்கு 160 குறி. தமிழ்னா 70 தான். அதுவும் நாம எண்ணுற மாதிரி எண்ணாது. "நெல்லை" நமக்கு மூணு எழுத்து, அதுக்கு ஆறு. கொம்பு, புள்ளி, ஐகாரம் எல்லாம் தனித்தனி. "திருநெல்வேலி" 12. "பாரம்பரியத்தின் சுவை! இயற்கையின் கொடை!" மட்டும் எண்ணிப் பாத்தேன், 38. ஒரு மெசேஜ்ல பாதிக்கு மேல காலி, இன்னும் கருப்பட்டிங்கிற பேரே வரல. 70-ஐத் தாண்டுனா ரெண்டாப் பிரிச்சு ரெண்டு மெசேஜ் காசு எடுப்பான். விளம்பர எஸ்எம்எஸ் மொத்தமா அனுப்பணும்னா தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் விதிப்படி பேரையும் வாசகத்தையும் முன்னாடியே பதிவு பண்ணவும் வேணும். சின்ன யாவாரத்துக்கு அது எதுக்கு, விடுங்க.

வாட்ஸப்புல பிராட்காஸ்ட் (ஒரே மெசேஜை பல பேருக்குத் தனித்தனியா அனுப்புறது) போட்டா ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர், அதுவும் உங்க நம்பரை அவங்க போன்ல பதிஞ்சு வச்சிருந்தாத்தான் போய்ச் சேரும். அதனால முதல் தடவை வாங்குறவங்ககிட்ட "நம்பரைப் பதிஞ்சுக்கோங்க"ன்னு கேட்டு வாங்கிருங்க. துபாய் அண்ணன் சொன்னதுக்கும் இதுலயே வழி இருக்கு. உள்ளூருக்கு ஒரு லிஸ்ட், வெளியூர் வெளிநாட்டுக்கு ஒரு லிஸ்ட். பெரிய மெசேஜா இருந்தா மேல உள்ளது மட்டும் தெரியும், மிச்சத்துக்கு "மேலும் படிக்க"வை அமுக்கணும். போன் பூட்டியிருந்தா முதல் வரிதான் கண்ணுல படும். அந்த முதல் வரியில சாமானும் விலையும் இருக்கட்டும்.

பனங்காட்டு_நரி:
எல்லாரும் சொன்னதை வச்சு உள்ளூருக்கு ஒண்ணு எழுதிருக்கேன். விலையும் போட்டாச்சு மதினி, பாத்துக்கோங்க.

"திசையன்விளை பனங்கருப்பட்டி, கிலோ 480 ரூபாய். அரை கிலோ 245.
சீனி கலக்காதது. ஒரு கிலோவுக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதனீர் காய்ச்சுகிறோம்.
பாளை, ஜங்ஷன், டவுன்: மாலை 5 முதல் 8 மணிக்குள் வீட்டுக்கே வரும். ஒரு கிலோவும் அதற்கு மேலும் வாங்கினால் கூலி இல்லை.
மழைக்காலத்தில் இளகும். காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைக்கவும்.
பதனீர் சீசன் முடிந்து சரக்கு தீர்ந்தால் அடுத்த சீசனில்தான் கிடைக்கும்."

கீழ நம்பர்.

பாளை_அச்சகம்:
பிரமாதம். "பாரம்பரியம்" போனதுல வருத்தமா?

பனங்காட்டு_நரி:
கொஞ்சம் இருக்கு அண்ணாச்சி. மாமாவுக்கு அந்த வரிதான் ரொம்பப் பிடிச்சுது.

ஆட்டோ_மைக்:
முதல் ரெண்டு வரியை அப்படியே மைக்ல படிக்கலாம் அண்ணே. பாளை மார்க்கெட் பக்கம் ஒரு சாயங்காலம் ஓட்டுவோமா?

விதிப்படி:
நோட்டீஸ் சரி. பாக்கெட் போட்டு விக்கீங்கன்னா அதுல எடை, எம்ஆர்பி, தயாரிச்ச மாசம் வருசம், முகவரி, புகார் சொல்ல நம்பர், எப்எஸ்எஸ்ஏஐ 14 இலக்க எண் எல்லாம் இருக்கணும். அது வேற பெரிய கதை, தனி இழையா ஆரம்பிங்க.

டவுன்_மதினி:
எனக்கு அரை கிலோ போதும், வீட்டுல ரெண்டு பேருதான். அரை கிலோவுக்கு டவுனுக்குக் கொண்டு வருவீங்களா, கூலி எவ்வளவு? அது அதுல இல்லயே தம்பி.

பனங்காட்டு_நரி:
வருவேன் மதினி, 30 ரூபா கூலி. இப்பவே சேத்துட்டேன். பக்கத்து வீட்டுலயும் கேட்டுச் சேத்து ஒரு கிலோவாச் சொன்னீங்கன்னா கூலி இல்ல.

பாளை_அச்சகம்:
அந்த வரியையும் சேத்து இன்னைக்கு ராத்திரிக்குள்ள வாட்ஸப்புல அனுப்புங்க தம்பி. அச்சு நோட்டீசுக்கு விலை மட்டும் பெரிய எழுத்துல, ஒரே கலர்ல அடிச்சாப் போதும், செலவு குறையும். எத்தனை வேணும்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை பிரஸ் லீவு.